மௌனம் செய்த தொண்டு

தவஞ் செய்வோரைப் பற்றி உலகம் நெடுங்காலமாக ஒரு வினாவை எழுப்பி வருகின்றது. வீட்டைத் துறந்து, குகையிற் புகுந்து, கண்மூடி இருப்பவனால் அயலானுக்கு என்ன பயன்? பசித்தவனுக்குச் சோறிட்டவனை நாம் அறிவோம். எழுத்தறிவித்தவனை அறிவோம். தன்னுள்ளே தான் மூழ்கிக் கிடப்பவன் தன்னலக்காரனே அன்றோ? இக்கேள்வி நேர்மையானது. சாத்திரங்களை அடுக்கி இதற்கு விடை கூறுவதிலும், ஒருவருடைய வாழ்க்கையை முன்வைத்து ஆராய்வதே தக்கது.

அவ்வாராய்ச்சிக்கு இரமண மகரிஷியின் வாழ்க்கை மிகவும் ஏற்றது. அவர் மேடையேறிப் பேசியவரல்லர், பாடசாலை நிறுவியவரல்லர், இயக்கம் நடத்தியவரல்லர். திருவண்ணாமலையை அடைந்த நாள் தொட்டு உடல் நீங்கிய நாள் வரை, ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, அத்தலத்தை விட்டு அகன்றவரல்லர். பிறருக்குப் பயன்படுதல் என்பது ஓடியாடிச் செய்யுஞ் செயல் ஒன்றே எனின், அவர் பெயரிற் கணக்கெழுத அதிகம் இல்லை. அதுமட்டுமன்று. அவருடைய துறவினால் முதன்முதல் நட்டமடைந்தவர் ஒருவர் இருந்தார். அவர் இரமணரைப் பெற்ற தாய். ஆதலின் இவ்வழக்கில் வாதி அன்னையே. அவ்வம்மையாரின் பக்கத்து நியாயத்தை மறைத்துவிட்டு மகனுடைய பெருமையை மாத்திரம் பேசுதல் முறையாகாது.

பாண்டிநாட்டுத் திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆம் திகதி வேங்கடராமன் பிறந்தார். தந்தையார் சுந்தரமையர் அவ்வூரில் வழக்குரைக்குந் தொழில் செய்தவர். தாயார் அழகம்மாள். ஆண்மக்கள் மூவர், பெண் ஒருத்தி. 1892இல் தந்தை இறந்தார். குடும்பம் இரண்டாயிற்று. மூத்தவர் நாகசாமியும் அடுத்தவர் வேங்கடராமனும் மதுரையிற் சிறிய தந்தையார் சுப்பையர் வீட்டுக்குச் சென்றனர். தாயார் இளையவர் இருவருடன் மானாமதுரைக்குச் சென்றார். கைம்பெண்ணாகிய அத்தாய்க்கு ஆண்மக்களின் படிப்பே எதிர்கால நம்பிக்கையாக இருந்தது.

வேங்கடராமன் படிப்பில் ஊக்கமுள்ள மாணாக்கரல்லர். நினைவாற்றல் இருந்தது, நாட்டமெல்லாம் விளையாட்டிலே. 1895இல் உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறக் கேட்டு, அது மண்ணுலகில் உள்ள ஓர் ஊர் என்பதை அறிந்து வியந்தார். பின்னர் வீட்டிற் கிடந்த பெரியபுராணத்தை எடுத்து வாசித்தார். அடியார்களின் அன்பு அவ்விளைஞரின் உள்ளத்தை அசைத்தது. இவை இரண்டுந் தவிர, அவருக்கு ஆசிரியரும் இல்லை. சாத்திரப் பயிற்சியும் இல்லை.

1896ஆம் ஆண்டு நடுப்பகுதியில், சிறிய தந்தையார் வீட்டு மேல்மாடியில் தனித்திருந்த வேளையில், காரணம் ஒன்றுமின்றி மரணபயம் அவரைப் பற்றியது. அப்போது வயது பதினாறு. வைத்தியரையோ வீட்டாரையோ அவர் அழைக்கவில்லை. இறப்பு வந்தது எனின் இறப்பது எது என்று பார்க்கத் துணிந்தார். பிணம் போல் நீட்டிக் கிடந்தார், மூச்சை அடக்கினார், உடல் சுடுகாட்டுக்குப் போய்ச் சாம்பலாகும் எனக் கண்டார். அப்பொழுதும் நான் என்னும் உணர்வு அழியாது தனித்து ஒளிர்வதை நேரே உணர்ந்தார். சிறிது பொழுதில் முடிந்த அனுபவம் அது. மரணபயம் அன்றோடு ஒழிந்தது. பின்னர் ஒருபோதும் திரும்பவில்லை.

இவ்வுள்நிகழ்ச்சியின் முதற் பயனைக் கண்டவர்கள் வீட்டாரும் பள்ளித்தோழருமே. முன்னர் சீண்டினால் எதிர்த்து நின்ற பையன் இப்போது யார் ஏவினும் பணிந்தான். யார் ஏசினும் பொறுத்தான். உணவில் இது வேண்டும், அது வேண்டாம் என்பது நீங்கிற்று. மாலைதோறும் மீனாட்சி கோயிலுக்குச் சென்று கண்ணீர் மல்க நின்றான். படிப்பில் மனஞ் செல்லவில்லை.

ஓகஸ்ட் 29ஆம் திகதி, ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மும்முறை எழுதும்படி ஆசிரியர் விதித்த தண்டனையை எழுதிக்கொண்டிருந்தவர், இடையில் அதை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். கண்ட தமையனார், இப்படி இருப்பவனுக்கு வீடும் பள்ளியும் எதற்கு என்ற கருத்துப்படக் கடிந்தார். கடிந்த சொல் வழிகாட்டுஞ் சொல்லாக முடிந்தது. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாவில் வழிச்செலவுக்கு மூன்று ரூபாவை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாவை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டுப் புறப்பட்டார். தந்தையைத் தேடி அவர் கட்டளைப்படி செல்வதாகவும், யாரும் துயருற வேண்டாம் எனவும், தேடுவதற்குப் பணஞ் செலவிட வேண்டாம் எனவும் அதில் எழுதியிருந்தார். சம்பளம் இன்னுங் கட்டப்படவில்லை என்பதையும் மறவாமற் குறித்திருந்தார். தன்மைச் சொல்லிலே தொடங்கிய அக்கடிதம், தம்மை அஃறிணைச் சொல்லாற் சுட்டி, கையொப்பம் இன்றி முடிந்தது. எழுதியவர் எழுதி முடிப்பதற்குள்ளேயே மறைந்துவிட்டார் போலும்!

செப்டெம்பர் முதலாந் திகதி திருவண்ணாமலையை அடைந்தார். எஞ்சிய காசைக் குளத்தில் எறிந்தார். ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்தார். சிறுவர் கல்லெறிந்தமையால் நிலத்தடியிலுள்ள பாதாள இலிங்கக் குகையிற் புகுந்தார். பூச்சி புழுக்கள் தொடையை அரித்துப் புண்ணாக்கின; அவர் அறியவில்லை. சேஷாத்திரி சுவாமிகள் அவ்விளைஞரின் நிலையை உணர்ந்து காவலாக நின்றார். அன்பர் சிலர் அவரைத் தூக்கி வெளியே கொணர்ந்தனர். வாயில் ஊட்டினால் உண்டு, ஊட்டாவிடின் இல்லை. அக்காலத்தில் உலகந்தான் அவருக்குத் தொண்டு செய்தது. அவர் உலகுக்கு யாதுஞ் செய்தவராகப் புறத்தே தோன்றவில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் மகனிருக்குமிடம் தாய்க்குத் தெரிந்தது. 1898ஆம் ஆண்டு இறுதியில் மூத்த மகனுடன் பவளக்குன்றுக்கு வந்தார். சடைபிடித்த தலையும் அழுக்கேறிய உடலுமாகப் பாறையிற் கிடந்த பிள்ளையைக் கண்டு கதறினார். பட்சணஞ் செய்து கொணர்ந்து நாள்தோறும் மன்றாடினார். மகன் வாய் திறக்கவில்லை. அங்கிருந்தவர் ஒருவர் மனம் பொறாது காகிதமும் எழுதுகோலுங் கொடுக்க, வினைக்கீடாக இறைவன் நடத்துவான், நடவாதது முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நில்லாது, ஆதலின் மௌனமாயிருத்தல் நன்று என்னுங் கருத்தை எழுதிக் கொடுத்தார். தத்துவம் பெரிது. ஆயினும் தாய் வெறுங்கையுடன் திரும்பினார் என்பதும் உண்மை. 1900இல் மூத்த மகனும் இறந்தார். அந்நாளில் ஊரார் ஒருவர் நடுவராக இருந்து தீர்ப்புக் கூறியிருப்பின், மகனுக்கு எதிராகவே கூறியிருப்பார்.

இனி மறுபக்கத்தைக் காண்போம்.

1897இல் குருமூர்த்தத்தில் இருந்தபோது பழனிசுவாமி என்னும் மலையாளத்தவர் தொண்டராக வந்து சேர்ந்தார். அவர் வேதாந்த நூல்களை இரவல் வாங்கிவந்து, தமிழைத் தட்டுத்தடுமாறி வாசித்து இடர்ப்படுவார். அவர்படும் பாட்டைக் கண்டு இளஞ்சுவாமி அந்நூல்களைத் தாமே வாங்கி வாசித்து அவற்றின் சாரத்தை எடுத்துரைத்தார். தாம் முன்னரே அடைந்த அனுபவத்துக்கு நூல்களில் என்ன பெயர் வழங்குகின்றது என்பதை அவர் அறிந்தது இவ்வாறே. பிற்காலத்தில் உள்ளது நாற்பதும் உபதேச உந்தியாரும் தமிழுக்குத் தந்த அப்பெரியாரின் நூற்கல்வி, தம்முடைய தேவையால் விளைந்ததன்று. ஒரு தொண்டனின் இடர் நீக்க எழுந்தது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனை ஊன்றி எண்ணுவாராக.

விரூபாட்ச குகையில் வதிந்த காலத்தில் சிவப்பிரகாசம்பிள்ளை என்னும் அரசாங்க உத்தியோகத்தர், நான் யார் என்பதை அறியும் ஆவலுடன் வந்து வினாக்கள் தொடுத்தார். சுவாமி பேசும் வழக்கமில்லாதிருந்த காலமாதலின் விடைகளை எழுதியே காட்டினார். அவ்விடைகளே பின்னர் நான் யார் என்னும் சிறு நூலாயின. 1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் வந்தார். வடமொழியில் ஆசுகவி, மந்திரசெபத்தில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவர், எனினும் தவம் யாது என்னும் ஐயந் தீராதவர். நான் என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகின்றதோ அவ்விடத்தை நாட மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்று விடை கிடைத்தது. அதுவரை பிராமண சுவாமி என ஊரார் அழைத்து வந்தவருக்குப் பகவான் இரமண மகரிஷி என்னும் பெயரை இட்டவர் அம்முனிவரே. பெரும் புலவர் ஒருவர் எளிய இளைஞர் முன் தலைசாய்த்தமைக்கு இளைஞரின் புலமை காரணமன்று. தேடியவர் தேடிய பொருள் அங்கே அமைதியாக இருந்தமையே காரணம்.

1911இல் ஹம்ப்றீஸ் என்னும் ஆங்கிலப் பொலிஸ் அதிகாரி மலையேறி வந்து, உலகுக்கு உதவ விரும்புவதாகவும் வழி கூற வேண்டுமெனவும் கேட்டார். உன்னைத் திருத்து, உலகில் நீயும் ஒருவனாதலால் அதுவே உலகுக்குச் செய்யும் உதவி என்பது அவர் பெற்ற விடையின் பொருள். நம் தொடக்க வினாவுக்கு மகரிஷி தாமே அளித்த விடை இது. சொல் என்ற அளவில் இதனை எவருங் கூறலாம். கூறியவரிடத்தில் இது எவ்வாறு மெய்யாயிற்று என்பதே பார்க்கத்தக்கது.

எச்சம்மாள் என்னும் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். மண்டகொளத்தூரைச் சேர்ந்தவர். கணவனையும், மகனையும், மகளையும் இளம் வயதிலேயே ஒருவர்பின் ஒருவராகப் பறிகொடுத்தவர். தலங்கள் தோறும் சென்றார், சாதுக்களைத் தொழுதார், துயரம் ஆறவில்லை. 1906ஆம் ஆண்டளவில் திருவண்ணாமலைக்கு வந்து குகையிலிருந்த சுவாமியைக் கண்டார். சுவாமி பேசவில்லை, அம்மையாரும் பேசவில்லை. ஒரு மணி நேரமளவு அங்கே நின்றார். திரும்பிச் செல்ல அடி எடுத்து வைக்கத் தயங்கிய அவரிடத்தில், ஆண்டுக்கணக்காக அழுத்திய சுமை குறைந்திருந்தது. அன்றுதொட்டு நாள்தோறும் உணவு சமைத்து மலைமேற் சுமந்து சென்று, அவருக்கு இட்ட பின்னரே தாம் உண்பது என விரதம் பூண்டார். 1945இல் இறக்கும்வரை அத்தொண்டு நடந்தது. அவ்வுணவைக் குகையில் இருந்தோர் எல்லாரும் பங்கிட்டு உண்டனர். துயரில் முடங்கிக் கிடந்த ஒருத்தி, நாளும் பலருக்கு அன்னமிடுபவள் ஆனாள். மௌனத்தின் பயன் இவ்வாறு ஒருவரைக் கடந்து மற்றொருவருக்குச் சென்றது.

பின்னாளில் எச்சம்மாள் வளர்ப்பு மகளையும் இழந்தார். செய்தி வந்தபோது அதனைக் கொண்டுசென்று மகரிஷியிடமே காட்டினார். வாசித்த அவர் கண்கள் நீர் சொரிந்தன. அகத்தே அமைதியுற்றவர் மரக்கட்டை ஆகிவிடுவார் என எண்ணுவோர் இதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். தனக்கென ஒரு துயரில்லாதவன் பிறர் துயருக்கு இடங்கொடுக்க வல்லவனாகின்றான்.

இனி, வாதியாகிய அன்னையிடம் மீள்வோம். 1914இல் மகனைப் பார்க்க வந்திருந்த அழகம்மாள் கடுஞ் சுரத்தில் விழுந்தார். பல நாட்கள் மகரிஷி அருகிருந்து பணிவிடை செய்தார். நோய் நீங்குமாறு அருணாசலனை வேண்டிப் பாவும் பாடினார். 1898இல் மௌனமே நன்று என எழுதிய கைதான் 1914இல் தாய்க்காக விண்ணப்பம் எழுதியது. 1916இல் அன்னையார் இறுதியாக வந்து மகனோடு தங்கினார். கந்தாச்சிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தார். அதன் பின்னரே அடியார்க்கு ஆச்சிரமத்துச் சோறு கிடைத்தது. இளைய மகன் நாகசுந்தரமும் வந்து சேர்ந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆனார். வைதிக ஆசாரத்தில் ஊறிய தாயை மகன் வேடிக்கையாகப் பேசியே தளர்த்தினார். தாயென்று தனிச்சலுகை காட்டவில்லை. அங்குள்ள எல்லாப் பெண்களையும் தாயாகவே நடத்தினார். அது அன்னைக்கு முதலில் வருத்தந் தந்தது. பின்னர் அதுவே பாடமாயிற்று.

1922ஆம் ஆண்டு மே 19ஆம் திகதி அன்னையாருக்கு இறுதிநாள் வந்தது. அன்று காலை முதல் இரவு எட்டு மணியளவு வரை மகரிஷி ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறுகையைத் தலையிலும் வைத்தபடி அருகே அமர்ந்திருந்தார். பிறவிதோறுஞ் சேர்ந்த வாசனைகள் எழுந்தெழுந்து அடங்க, உயிர் இதயத்தில் ஒடுங்கும்வரை கையை எடுக்கவில்லை. அது மரணமன்று, அடக்கம் என்பதே அவர் கொள்கை. சமய நம்பிக்கையை ஒருபுறம் வைத்துப் பார்ப்பினும், பதினாறு வயதில் தன் மரணத்தைத் தனியே எதிர்கொண்டு அச்சம் நீங்கிய ஒருவன், அதே அச்சமின்மையைத் தாயின் மரணப்படுக்கைக்குக் கொணர்ந்தான் என்பது வெளிப்படை. இறக்குந் தறுவாயில் நடுங்காத கை ஒன்று நெஞ்சின் மேல் இருத்தல் எத்துணைப் பெரும் பேறு! எடுத்துச் சென்ற மூன்று ரூபாவுக்கும், பவளக்குன்றிற் சிந்திய கண்ணீருக்கும் மகன் அன்று ஈடு செய்தான் எனலாம்.

மலையடிவாரத்தில் அன்னை சமாதி வைக்கப்பட்டார். மகரிஷி நாள்தோறும் அங்கு இறங்கி வந்தவர், அவ்வாண்டு டிசெம்பரில் அங்கேயே தங்கிவிட்டார். இரமணாச்சிரமம் தோன்றியது இவ்விதமே.

1924ஆம் ஆண்டு யூன் 26ஆம் திகதி இரவு ஆச்சிரமத்திற் கள்வர் புகுந்தனர். உள்ளே ஒன்றுமில்லை, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என மகரிஷி கூறினார். அவர்கள் விளக்குக் கேட்க, விளக்கும் கொடுக்கச் செய்தார். வெளியே வந்தவர்களைக் கள்வர் தடிகளால் அடித்தனர்; மகரிஷியின் தொடையிலும் அடி விழுந்தது. சீடர் ஒருவர் இரும்புக் கம்பியுடன் பாய முற்பட, அவரைத் தடுத்துவிட்டார். அடிப்பது அவர் தொழில், பொறுப்பது நம் தருமம் என்பது அவர் கருத்து. தமக்கும் பூசை கிடைத்தது என்று இருபொருள்படக் கூறி நகைத்தார். இங்கே பயன் பெற்றோர் இரு திறத்தார். கள்வர் உயிருக்கு ஊறு வராமற் பிழைத்தனர். சீடரோ பழிவாங்கிய பாவத்தினின்றும் பிழைத்தார்.

அடுத்து வந்த ஆண்டுகளில் நாடெங்குமிருந்தும் மேல்நாட்டிலிருந்தும் மக்கள் வந்தனர். 1931இல் வந்து 1934இல் நூலெழுதிய போல் பிறண்டன் என்னும் ஆங்கிலேயர் அப்பெயரை மேற்றிசையிற் பரப்பினார். பெயர் பரந்தபோதும் வாழ்க்கை மாறவில்லை. பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து சமையலறையில் காய்கறி நறுக்கினார். பந்தியில் எல்லாருக்கும் இட்டதே தமக்கும் வேண்டும் என்றார். தமக்கெனச் சிறப்பாகக் கொணர்ந்த பண்டத்தை எல்லார்க்கும் பகிராமல் உண்டிலர். அணிலும் குரங்கும் மயிலும் நாயும் அஞ்சாது அவரை அணுகின. 1926இல் கன்றாக வந்த இலட்சுமி என்னும் பசு 1948இல் இறந்தபோது, தாய்க்குச் செய்தது போலவே அதன் தலையிற் கைவைத்து அருகிருந்தார். அதன் நினைவாக ஒரு வெண்பாவும் இயற்றினார்.

1949இன் தொடக்கத்தில் இடது முழங்கையருகே எழுந்த கட்டி அறுத்து நீக்கப்பட்டது. அது புற்றுநோய் எனப் பின்னர் தெரிந்தது. அவ்வாண்டிற்குள் நான்குமுறை சத்திரசிகிச்சை நடைபெற்றது. கையைத் துண்டிக்கலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. நோயின் கொடுமையிலும் காணவருவோரைத் தடுக்கலாகாது என்பதில் உறுதியாக இருந்தார். தம்மை விட்டுப் போகின்றாரே என அழுதவர்களுக்கு, தாம் போவதற்கு வேறிடம் ஏது என்ற கருத்தில் ஆறுதல் கூறினார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி மாலை, அன்பர்கள் அவர் பாடிய அட்சரமணமாலையை வெளியே இருந்து ஓத, கண்களிலிருந்து ஆனந்த நீர் வழிந்தது. இரவு 8.47க்கு மூச்சு அமைதியாக நின்றது.

இவ்வாழ்க்கையை நோக்கின் நம் வினாவுக்கு விடை தோன்றுகின்றது. மகரிஷி பிறருக்கு உதவ வேண்டுமென்று தவஞ் செய்தவரல்லர். நான் என்பது யாது என்று ஆராய்ந்தார். எனது என்பது அவரிடமிருந்து உதிர்ந்தது. எனது என்னும் வேலி நீங்கிய நிலத்தில் யாருக்கும் இடமுண்டு. பிள்ளையை இழந்தவளும், புலமையிற் களைத்தவனும், திருட வந்தவனும், கன்றும் குரங்கும் அங்கே இடம் பெற்றமைக்குக் காரணம் அதுவே. ஆறில்லாத நம் யாழ்ப்பாணத்திற் கிணறு வீடுதேடி வருவதில்லை. ஆழம் இருந்தாற் போதும், தாகம் உடையவன் தானே வருவான். ஆழந் தோண்டியவனைப் பார்த்து நீ ஏன் நடந்து வந்து நீர் வார்க்கவில்லை என்று எவரும் வினவார்.

வேறொன்றுங் கருதத்தக்கது. வந்தவரை அவர் தம்மோடு கட்டிவைக்கவில்லை. உத்தியோகம் விட்டுத் துறவு பூண எண்ணியோரைத் திருப்பி அனுப்பி, இருந்த இடத்திலிருந்தே ஆராயச் சொன்னார். ஒவ்வொருவரையும் அவரவரிடமே ஒப்படைத்தார். அன்னமிடுதலும் எழுத்தறிவித்தலும் என்றும் போற்றத்தக்க தொண்டுகளே. அத்தொண்டினைச் செய்யும் கை பதறாமலும், செய்தேன் என்னும் செருக்கின்றியும் இருக்க ஒரு கல்வி வேண்டும். மௌனம் அக்கல்வியைக் கற்பித்தது.

அன்னையின் சமாதி மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு, மகரிஷி இருக்கும்போதே, 1949இல் குடமுழுக்கு நடந்தது. அவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரும் அங்கு மக்கள் வந்தவண்ணம் உள்ளனர். பேச்சாளரைக் கேட்க வருபவர்களல்லர்; சிறிது நேரம் பேசாதிருக்க வருபவர்கள். மகனை மீட்டுச் செல்ல வந்து தோற்றுத் திரும்பிய ஒரு தாயின் சமாதியருகேதான் அவர்கள் அமர்கின்றனர்.